எட்டாம் வகுப்பு வரலாற்று டீச்சருக்கு விருது கேட்டு எழுதலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எடிசன்_செல்வம்
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். மே பிறந்துவிட்டது, ஆசிரியர் பாராட்டு வாரம். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் கிஃப்ட் கார்டுக்காகத் தலைக்கு 10 டாலர் வசூல் ஓடுகிறது. கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு டீச்சருக்கு மட்டும் காபிக் கடை கார்டோடு விடுவதற்கு மனசு வரவில்லை.

மகள் எட்டாவது படிக்கிறாள். அமெரிக்க வரலாறும் குடிமையியலும் ஒரே டீச்சர்தான். பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் 1923ல் இங்கே இருந்திருந்தால் சிட்டிசன் ஆகவே முடியாது, தெரியுமா?" பதினோரு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! தெரியாது என்றேன்.

பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். இன நூல்களின்படி நானும் காக்கேசியன்தானே, வெள்ளையர்களைச் சேர்த்திருக்கிற அதே இனம்தானே என்று திந்த் வாதாடினார். சாதாரண ஜனங்கள் பேசுகிற அர்த்தத்தில் நீ வெள்ளையன் இல்லை என்று 1923ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வகுப்பை இரண்டாகப் பிரித்து இந்த வழக்கை மறுபடி நடத்தினார் டீச்சர். என் மகளுக்கு விழுந்தது அரசாங்கத் தரப்பு. அதாவது, இந்தியனுக்குக் குடியுரிமை கொடுக்காதே என்று அவள் வாதாட வேண்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பிலிருக்கும் இரண்டு இந்தியப் பிள்ளைகளில் ஒன்றை இப்படியா நிறுத்துவது என்று ஒரு மின்னஞ்சல் போட்டேன், கொஞ்சம் காரமாகவே. மறுநாள் காலை பதில் வந்தது. "கஷ்டமான பக்கத்தை எப்போதும் வகுப்பில் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குத்தான் கொடுப்பேன். அடுத்த வாரம் பக்கம் மாறும். நீங்களும் வந்து பின் பெஞ்சில் உட்காரலாம்."

போனேன். அங்கே நடந்ததைப் பிறகு எழுதுகிறேன், அது தனிக் கதை. இப்போது என் கேள்வி: இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்கு என்ன விருதுகள் இருக்கின்றன? பெற்றோர் பரிந்துரைக்கலாமா? நாம் எழுதிப் போட்டு அவருக்கு வேலைதான் கூடும் என்றால் வேண்டாம்.

கொங்குத்_தம்பி
ஞாயிறு, இரவு 9:42

அண்ணா, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விருதெல்லாம் படம் எடுத்து முகநூலில் போடத்தான். 2022ல் நாடு தழுவிய நேப் தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையைத் தொட்டவர்கள் 13 சதவீதம். குடிமையியலில் 22. நூற்றுக்கு எண்பத்தேழு பேர் தேறாத பாடத்துக்குச் சிறந்த ஆசிரியர் விருதா? மேட்ச் தோற்ற டீமில் மேன் ஆஃப் தி மேட்ச் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

வகுப்பறை_வாசுகி
ஞாயிறு, இரவு 10:30

நான் ஒஹாயோவில் உயர்நிலைப் பள்ளியில் சோஷியல் ஸ்டடீஸ் ஆசிரியை, பதினான்கு வருஷம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பிக்கு. நேப்பில் தேர்ச்சி நிலை என்பது பாஸ் மார்க் அல்ல, அதைவிட உயர்ந்த கோடு. சரியாகப் பயமுறுத்த வேண்டுமென்றால் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்: வரலாற்றில் 40 சதவீதம், குடிமையியலில் 31. இதற்கு டீச்சர் மட்டும் காரணமா? 2002ல் கையெழுத்தான கல்விச் சட்டம் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஆண்டுத் தேர்வு வைத்தது, அறிவியலையும் பின்னால் சேர்த்தது. வரலாற்றைச் சேர்க்கவில்லை. தேர்வு இல்லாத பாடத்தின் நேரத்தைத்தான் பள்ளிகள் முதலில் வெட்டின. தொடக்கப் பள்ளியில் சோஷியல் ஸ்டடீஸ் பீரியட் கணக்குப் பயிற்சிக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2021ல் வந்த ஓர் அறிக்கை கணக்குப் போட்டுச் சொன்னது: கூட்டாட்சி அரசு அறிவியல், கணிதக் கல்விக்கு ஆண்டுக்கு ஒரு மாணவனுக்குச் சுமார் 50 டாலர் செலவழிக்கிறது, குடிமைக் கல்விக்கு 5 சென்ட். டாலர் இல்லை, சென்ட்.

இங்கே ஒரு பழைய ஜோக் உண்டு: அமெரிக்காவில் எல்லா வரலாற்று ஆசிரியர்களுக்கும் முதல் பெயர் 'கோச்'. ஃபுட்பால் கோச்சுக்கு ஒரு பாடம் கொடுக்க வேண்டுமே என்று வரலாற்றைக் கொடுத்துவிடுவார்கள். சிரிப்பு வந்தாலும் எங்களுக்கு அது வலிக்கிற ஜோக். ஆனால் எங்கள் மாநிலத்திலேயே ஓபர்லின் என்ற சின்ன ஊரில் கர்ட் ரஸ்ஸல் என்று ஒருவர் இருக்கிறார் (நடிகர் இல்லை, பெயர்தான் ஒன்று). கூடைப்பந்துக் கோச், வரலாற்று ஆசிரியரும்கூட. இனம், பாலினம், ஒடுக்குமுறை பற்றி ஒரு தனிப் பாடமே நடத்துகிறார். 2022ல் தேசிய அளவில் ஆண்டின் சிறந்த ஆசிரியர் அவர்தான். கோச் ஜோக் சொல்கிறவர்களிடம் அன்றிலிருந்து அவர் பெயரைச் சொல்லிவிடுவேன்.

இப்போது செல்வம் சாருக்கு. வரலாற்று ஆசிரியருக்கென்றே இருப்பது கில்டர் லேர்மன் நிறுவனத்தின் விருது, 2004லிருந்து கொடுக்கிறார்கள். பெற்றோர், மாணவர், சக ஆசிரியர் யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். மாநிலத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து 1,000 டாலர் கொடுப்பார்கள். அவர்களிலிருந்து தேசிய அளவில் ஒருவருக்கு 10,000 டாலர். உங்கள் பரிந்துரை வெறும் கதவுதான். அதற்குப் பிறகு டீச்சர் தன் பாடத் திட்டம் முதலியவற்றை அனுப்ப வேண்டும். ஆக, வேலை கூடும் என்று நீங்கள் நினைத்தது சரிதான். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போர்முனை கண்ட முன்னாள் படைவீரர் சங்கமும் குடிமைக் கல்விக்காக ஒரு விருது தருகிறது. அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் சங்கம் வரலாற்று ஆசிரியருக்கு ஒன்று தருகிறது. 1939ல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்குத் தங்கள் அரங்கத்தைக் கொடுக்க மறுத்த அதே சங்கம்தான். அப்போது ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் உறுப்பினர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். இன்று அவர்கள் தருகிற விருதை வாங்கும் ஆசிரியர் அந்தக் கதையையும் வகுப்பில் சொல்லலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பிரிஸ்கோ_மாமி
திங்கள், காலை 7:05

வாசுகி, எவ்வளவு விஷயம்! நான் ஒரு சின்னச் சமாச்சாரம் சொல்கிறேன். நான் சிட்டிசன்ஷிப் பரீட்சை எழுதியபோது பழைய முறை. 100 கேள்வி படிக்க வேண்டும், 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதும். எனக்குப் பாடம் எடுத்தது பேரன். "பாட்டி, செனட்டர் எத்தனை பேர்?" என்று காரில் போகும்போதெல்லாம் கேட்பான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடத்து டீச்சர். ஆக, அந்த டீச்சர்தான் என்னையும் பாஸ் பண்ண வைத்தார், அவருக்கே தெரியாமல். இப்போது 2025 அக்டோபரிலிருந்து 128 கேள்வியாம், 20 கேட்பார்களாம், 12 சரியாக இருக்க வேண்டுமாம். நான் தப்பித்தேன்.

டெக்சாஸில் எட்டாவதில் அமெரிக்க வரலாற்றை 1877 வரைக்கும் நடத்துவார்கள், மீதி பதினொன்றாவதில். நடுவில் இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் பாதியை மறந்துவிடுகிறார்கள். யார் இப்படி வகுத்தார்களோ.

நடுநிலை_நாகராஜன்
திங்கள், காலை 8:20

> வகுப்பிலிருக்கும் இரண்டு இந்தியப் பிள்ளைகளில் ஒன்றை இப்படியா நிறுத்துவது என்று ஒரு மின்னஞ்சல் போட்டேன்

செல்வம், உங்கள் முதல் கோபம்தான் சரி என்பது என் கருத்து. திந்த் வழக்கை நானும் படித்திருக்கிறேன். 'நான் உயர்ந்த சாதி, கலப்பில்லாதவன்' என்பதையும் அவர் தரப்பு ஒரு வாதமாக வைத்தது. அதையும் அந்த டீச்சர் எட்டாம் வகுப்பில் சொன்னாரா? சொன்னால், இந்தியா என்றால் சாதி என்ற ஒரே படம்தான் மற்ற பிள்ளைகள் மனதில் நிற்கும். சொல்லாவிட்டால் பாதி வரலாறு. இரண்டுமே சிக்கல். வரலாற்று டீச்சர் தேதியும் சட்டமும் சொன்னால் போதும். விருது வாங்குகிற ஆசிரியர்களைப் பார்த்தால் பெரும்பாலும் வகுப்பில் அரசியல் பேசுகிறவர்களாகவே இருக்கிறார்கள்.

எடிசன்_செல்வம்
திங்கள், மதியம் 12:48

நாகராஜன், அந்தச் சாதி வாதத்தையும் டீச்சர் சொன்னார். பின் பெஞ்சில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். நேற்று பாதியில் விட்ட கதை அதுதான்.

திந்தின் வழக்குரைஞராக நின்ற பையன் (கொரியப் பையன், நன்றாகத் தயாரித்திருந்தான்) வாதத்தை முடித்துவிட்டு உட்கார்ந்தான். என் மகள் எழுந்தாள். நான் நாற்காலியில் நெளிகிறேன், என்ன சொல்லப்போகிறாளோ என்று. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்கள் கட்சிக்காரர் இந்தக் கதவை எல்லோருக்கும் திறக்கச் சொல்கிறாரா, தனக்கு மட்டும் திறக்கச் சொல்கிறாரா?"

வகுப்பு அப்படியே அமைதி. அந்தப் பையன் தாளைப் புரட்டுகிறான். டீச்சர் வாயே திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், எனக்குப் பத்து நிமிஷம் மாதிரி இருந்தது. பிறகு அவன், "தனக்கு மட்டும்தான். வேறு எந்த வாதத்துக்கு அந்த நீதிமன்றம் காது கொடுத்திருக்கும்?" என்றான். பதின்மூன்று வயதுப் பையன்.

சட்டத்தையே எதிர்த்தால் தோற்போம் என்று சட்டத்துக்குள் தனக்கு ஒரு இடம் கேட்டார் திந்த். அதையும் கொடுக்கவில்லை. 1946ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்துதான் இந்தியர்கள் குடியுரிமை கேட்க முடிந்தது. புதிதாக வந்து குடியேற அப்போதும் ஆண்டுக்கு 100 பேர்தான். இந்த 1946 விஷயமெல்லாம் டீச்சர் சொல்லவில்லை, பிள்ளைகள் தேடி எடுத்தவை. திந்த் சரியா தவறா என்று மணி அடிக்கும்வரை அவர் சொல்லவே இல்லை. எனக்கே கேட்க வேண்டும்போல இருந்தது, வெட்கப்பட்டுக் கேட்கவில்லை.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

வகுப்பறை_வாசுகி
திங்கள், மாலை 5:15

செல்வம் சார், மேலே எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதும்போது அதுதான் கடிதம்.

நாகராஜன் சார், உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒரு பக்கமாகப் பேசுகிற ஆசிரியர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆனால் தேதியும் சட்டமும் மட்டும் என்றால் அதற்குத் தொலைபேசி போதும், நான் எதற்கு? 2014ல் கொலராடோவில் ஜெஃபர்சன் மாவட்டத்தில் ஏபி (பள்ளியிலேயே எடுக்கிற கல்லூரி நிலை) வரலாற்றுப் பாடம் நாட்டுப்பற்றை வளர்க்க வேண்டும், சட்டமீறலை ஊக்குவிக்கக் கூடாது என்று பள்ளி வாரியத்தில் ஒரு யோசனை வந்தது. மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். பிரிட்டிஷ் வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியது சட்டமீறல்தானே, அதை எப்படி நடத்துவது?

செல்வம் சார், உங்கள் நியூ ஜெர்சியில் ஆசிய அமெரிக்கர் வரலாற்றை நடத்த வேண்டும் என்று 2022 ஜனவரியில் சட்டமே வந்தது. இலினாய்க்கு அடுத்த இரண்டாவது மாநிலம். நடுநிலைப் பள்ளியில் குடிமையியல் கட்டாயம் என்பதும் அங்கே 2021ல் வந்த சட்டம். அதற்கு லாரா வூட்டன் பெயரை வைத்திருக்கிறார்கள். 79 வருஷம் வாக்குச்சாவடியில் வேலை பார்த்த அம்மா அவர். சட்டம் போடுவது எளிது. அதை இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, எந்தப் பெற்றோரும் நொந்துகொள்ளாமல், உயிரோடு நடத்திக் காட்டுகிறவர் ஒருவர் வேண்டும்.

தஞ்சாவூர்_தலைமையாசிரியர்
திங்கள், இரவு 8:00

மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், பாடம் சமூக அறிவியல். பேத்திதான் இந்த இழையைக் காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் செப்டம்பர் 5 அன்று நல்லாசிரியர் விருது. 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும். ஆசிரியரே தன் சாதனைகளைத் தொகுத்துக் கோப்பு தயாரிக்க வேண்டும். நன்றாகக் கோப்பு போடத் தெரிந்தவர் ஒருவர், நன்றாகப் பாடம் நடத்தத் தெரிந்தவர் இன்னொருவர் என்று ஆகிவிடுவதை முப்பது வருடத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஆளில் இரண்டும் சேர்வது அபூர்வம். இந்த ஊரில் மாணவனும் பெற்றோரும் பேர் கொடுக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. செல்வம் தம்பி, அந்த அம்மையார் கோப்பு போடுகிற வகையாக இருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

கொங்குத்_தம்பி
திங்கள், இரவு 8:35

ஐயா வந்ததால் அடக்கி வாசிக்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு ஆளுக்கு 10,000 டாலர் கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன லாபம்? அதே பணத்தில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம்!

வகுப்பறை_வாசுகி
திங்கள், இரவு 9:20

நியாயமான கேள்வி. பயிற்சியாகவே கொடுக்கிற பரிசும் இருக்கிறது. ஜேம்ஸ் மேடிசன் பெயரில் ஒரு ஃபெலோஷிப், 1986ல் நாடாளுமன்றமே ஏற்படுத்தியது. வரலாறு, குடிமையியல் நடத்துகிற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் மாஸ்டர்ஸ் படிக்க 24,000 டாலர் வரை தருவார்கள். அரசியல் சாசனம் பற்றிய பாடங்களை எடுத்தே ஆக வேண்டும். பணம் வாங்கிப் படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் வகுப்பறையில் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் அதன் பலன் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. மாநிலத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. நானும் போட்டேன், கிடைக்கவில்லை. அந்த வருஷம் கிடைத்தவரின் வகுப்பைப் பின்னால் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள், பொறாமைகூடப் பட முடியவில்லை.

விருதிலும் எல்லாம் பணம் இல்லை தம்பி. 2019ல் தேசிய ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராட்னி ராபின்சன் எங்கே வரலாறு நடத்தினார் தெரியுமா? வர்ஜீனியாவின் ரிச்மண்டில், சிறார் தடுப்புக் காவல் மையத்துக்குள் இருக்கும் பள்ளியில். உள்ளே இருக்கிற பையனுக்கும் அரசியல் சாசனம் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கிறார் என்பது அந்த ஒரு விருதால்தான் நாட்டுக்குத் தெரிந்தது. 2016ல் அதே விருதை வாங்கியவர் ஜஹானா ஹேய்ஸ், கனெக்டிகட்டில் வாட்டர்பரி ஊரின் வரலாற்று ஆசிரியை. இரண்டு வருஷம் கழித்துத் தேர்தலில் நின்று மக்கள் பிரதிநிதிகள் சபைக்கே போய்விட்டார். குடிமையியல் டீச்சருக்கு இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு இல்லை. (வகுப்பு ஒரு நல்ல டீச்சரை இழந்துவிட்டது என்றும் சொல்லலாம். எனக்கு அதில் இரண்டு மனசுதான்.)

எடிசன்_செல்வம்
புதன், இரவு 10:05

டீச்சரிடம் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு "சரி, ஆனால் ஜூன் முடிந்து மார்க் எல்லாம் போட்ட பிறகுதான் எதையும் அனுப்புவேன்" என்றார். கடிதத்தின் முதல் வரைவு இது, கிழித்துத் தொங்கவிடுங்கள்:

> எங்கள் மகளின் ஆசிரியை தன்னலமற்ற சேவையாலும் அயராத உழைப்பாலும் மாணவர்களின் இதயங்களில் அறிவு விளக்கை ஏற்றி வைத்தவர். அவருடைய அர்ப்பணிப்பு...

தஞ்சாவூர்_தலைமையாசிரியர்
புதன், இரவு 10:40

தம்பி, தன்னலமற்ற, அயராத, இதயம், விளக்கு, அர்ப்பணிப்பு ஐந்தையும் எடுங்கள். நான் பிரிவு உபசார விழாக்களில் இதையெல்லாம் இருநூறு முறை கேட்டாயிற்று, என் விழாவிலும் கேட்டேன். யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால் அது யாரைப் பற்றியும் இல்லை. அந்தக் கொரியப் பையன் தாளைப் புரட்டிய அந்த ஒரு நிமிஷம், அதை எழுதுங்கள். அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். படிக்கிற நடுவர்களும் ஆசிரியர்களாக இருந்தால் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிரிஸ்கோ_மாமி
வியாழன், காலை 6:50

நீங்கள் கோபத்தில் போட்ட மின்னஞ்சலையும் சேருங்கள் செல்வம். அதற்கு அவர் கொடுத்த பதிலையும். குறை சொன்ன பெற்றோரே பரிந்துரைக்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன சான்றிதழ்.

நடுநிலை_நாகராஜன்
வியாழன், காலை 9:15

திங்கள்கிழமை எழுதியதில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பக்கம் மாற்றி வாதாட வைத்ததையும், கடைசிவரை தன் கருத்தைச் சொல்லாமல் இருந்ததையும் கடிதத்தில் அழுத்தி எழுதுங்கள். மறு பாதி என்னிடமே இருக்கட்டும். எட்டாம் வகுப்பு சின்ன வயது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

எடிசன்_செல்வம்
அடுத்த வியாழன், இரவு 9:30

அனுப்பிவிட்டேன். முதல் வரைவில் மிஞ்சியது டீச்சரின் பெயரும் பள்ளியின் பெயரும்தான். மகள் படித்துப் பார்த்துவிட்டு, "நான் கேட்ட கேள்வியை நீங்கள் சரியாக எழுதவில்லை" என்று ஒரு வார்த்தையைத் திருத்தினாள்.

டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு பெரிய வேண்டுகோள். ஜூன் முதல் சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் மாதிரி நாடாளுமன்ற விசாரணை வைக்கிறாராம். 1987லிருந்து நாடு முழுக்க நடக்கிற 'வீ த பீப்பிள்' முறையில்தான். பிள்ளைகள் ஆறு அணி. ஒவ்வோர் அணியும் அரசியல் சாசனம் பற்றி 4 நிமிஷம் தயாரித்த உரை பேசும், பிறகு 6 நிமிஷம் நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். நடுவராக உட்கார ஊரிலிருந்து மூன்று பேர் வேண்டும், இதுவரை ஒருவர்தான் கிடைத்திருக்கிறார். "உங்கள் நண்பர்கள் யாராவது வருவார்களா? எனக்கு விருதைவிட இது அவசரம்" என்று எழுதியிருக்கிறார்.

நான் வருவதாகச் சொல்லிவிட்டேன், மகள் இருக்கும் அணிக்கு மட்டும் மார்க் போட மாட்டேன். இன்னும் ஒருவர் தேவை. பக்கத்தில் யார் இருக்கிறீர்கள்?

கொங்குத்_தம்பி
அடுத்த வியாழன், இரவு 9:52

நான் இருக்கிற பிஸ்காட்டவேயிலிருந்து பதினைந்து நிமிஷம். ஆனால் அண்ணா, நான் இன்னும் ஹெச்-1பி வேலை விசாவில்தான். ஓட்டே இல்லாதவன் சாசனத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா?

எடிசன்_செல்வம்
அடுத்த வியாழன், இரவு 10:20

நானும் ஓட்டு இல்லாதவன்தான், அதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவர் பதில்: "இன்னும் நல்லது. அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்."

கொங்குத்_தம்பி
அடுத்த வியாழன், இரவு 10:24

பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு? எதைப் படித்துவிட்டு வர வேண்டும்?